கதவுக்குள் மேளம்

"காரு கதவத் தொறந்தாதாங்க இப்ப பூவே வாங்க முடியுது" என்று முன்சீட்டுக்காரர் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். சுரங்கத்துக்குப் போகும் காலை ஷிப்டு பஸ். பாதிப் பேர் இன்னும் தூக்கத்தில் இருந்தார்கள்.

"ஏன், கார் கண்ணாடிக்கு என்னாச்சு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பாட்டு போட்டா மேளம் சப்புன்னு இருந்துச்சுங்க. டிக்கியில பெரிய பாக்ஸு வெச்சேன். வண்டி அதிருதே ஒழிய, அடி நெஞ்சுல விழல. கதவுக்குள்ள இருக்குற ஓட்டைய அடைச்சாதான் கதவு ஸ்பீக்கரு நல்லா அடிக்கும்னாங்க. காயலான் கடையில பழைய கன்வேயர் பெல்ட்டு ரப்பரு வாங்கி, வெட்டி நானே ஒட்டிட்டேன்."

"அது கனமாச்சே!"

"கண்ணாடி எறங்கவே எடமில்ல. ஆனா அடி இருக்குதே! ஒவ்வொண்ணும் நெஞ்சுல வந்து விழுவுது."

"வூட்ல திட்டலையா?"

"பூக்கடை வரைக்கும் திட்டிகினேதான் வந்தா. கதவத் தொறந்ததும் மேளம் ரோட்டுக்கே வந்துருச்சு. பூக்காரம்மா தாளத்துக்கு மொழம் போட்டுகினே இருந்தாங்க, நிறுத்த மறந்துட்டாங்க. கேட்டது ரெண்டு மொழம், இவ மடி நெறைய பூ. இப்ப டெய்லி இவளே கேக்குறா, பூ வாங்கப் போலாமான்னு."