நீ போண்ணே, நான் பாத்துக்கறேன்

ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஒரு குருவிகூட இல்லாத ரோடு... அது முடிகிற இடத்தில் மூடிப்போன நெசவு மில். என் மச்சானின் சகலை அங்கே வாட்ச்மேன். சிரிக்காதே, பக்கத்தில் வந்து உட்கார்.

மில்லை மூடியபோது எல்லோரும் நடுத்தெருவில் நின்றார்கள். இவன் மட்டும் முதலாளியின் கையைக் காலைப் பிடித்து வாட்ச்மேன் வேலையை வாங்கிக்கொண்டான். கூடவே மில் வீடு ஒன்று. அதில் குடியிருந்த தறிக்காரர் காலி செய்ய மறுத்தார். அவருடைய சட்டி பானையை மழையில் தூக்கிப் போட்டவன் இவன்தான். பெண்டாட்டியும் மகளும் நனையாமல் இருந்தால் போதும் என்று நினைத்தான். தன் பெண்டாட்டி, தன் மகள்.

தறிக்காரர் அன்றைக்கே மில்லுக்குள் போய், தன் தறிக்கு மேலேயே தூக்கில் தொங்கினார். இவன் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினான், பாவி.

சில நாள் போயிற்று. அந்த இரண்டு மணிக்கு ரவுண்டு கிளம்பினான். கரண்டு இல்லாத ஷெட். உள்ளே... டக்... டக்... டக். சூடான எண்ணெய் நாற்றம். டார்ச் அடித்தான். மூலைத் தறி ஓடிக்கொண்டிருந்தது. நூலே இல்லை. முன்னால் ஒரு முதுகு... சட்டை நுனியில் தண்ணீர் சொட்டியது.

அந்த மில்லில் ஒரு வழக்கம். ஓடுகிற தறியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். இவனும் வருஷக்கணக்காக அங்கே தறி ஓட்டியவன்தான்.

முதுகு திரும்பாமலே கேட்டது. "மாத்தி விட ஆள் வந்தாச்சா?"

இவன் கை தானாகப் போய்த் தறியைப் பிடித்தது. பழகிய வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"நீ போண்ணே, நான் பாத்துக்கறேன்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

எந்த வீட்டுக்கு? ஐயோ, அங்கே பெண்டாட்டியும் மகளும் தனியாகத் தூங்குகிறார்கள். ஓடப் பார்த்தான். கை தறியை விட்டு வரவில்லை... கத்தினான். தறிச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஈரக் கால்கள் நிதானமாக வெளியே நடந்து போயின.

விடிந்ததும் தறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடுக்க ஆட்கள் வந்தார்கள். நகருங்க, நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். கை விட்டது. விழுந்தடித்து ஓடிப் போய்க் கதவைத் தட்டினான்.

பெண்டாட்டி பாதிக் கதவைத் திறந்தாள். இவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்? மெதுவாப் பேசுங்க. அவரு இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து படுத்தாரு."

உள்ளே மகள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா... உன் கழுத்துல என்னப்பா தழும்பு?"