குடோனுக்குப் பக்கத்து மனை

"...பின்ன என்ன சார், இனிமே இந்தப் பக்கம் ஒரு பல்லி ஊர்ந்து போனாக்கூட அதுக்கும் தனியா லைசென்ஸ் எடுன்னு சொல்லுவாங்க போல! ஐயய்யோ, அந்த வேலிக்குக் கிட்ட போகாதீங்க. நில்லுங்க, நில்லுங்க. பாக்கெட்ல தீப்பெட்டி, லைட்டர் ஏதாச்சும்... கிடையாதா? பழக்கமே இல்லியா? நல்ல மனுஷன். வாங்க, இப்படி மரத்து நிழலுக்கு வாங்க. உக்காருங்க. நாற்காலி ஆடும், ஆனா விழாது. மனை பாக்க வந்தவரை நிக்க வச்சே பேசி அனுப்பிட்டாங்கன்னு நாளைக்கு என் கொழுந்தன் தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரிவான்.

ஆமா சார், உங்களுக்கு இந்த மனையைக் காட்டினானே, வாயெல்லாம் பல்லா ஒருத்தன், அவன் எங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்த தம்பிதான். காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போகும், சன்னலைத் திறந்தா மலை தெரியும்னு சொல்லியிருப்பானே? அந்தச் சன்னலுக்கு நேரா, சுத்தி மண்மேடு போட்டு ஒரு கட்டடம் இருக்கே, அது என்னன்னு சொன்னானா?

என்னது... தண்ணித் தொட்டியா?

தண்ணித் தொட்டி! கேட்டீங்களா அநியாயத்தை! சார், அது வெடி குடோன். மலைக்கு அந்தப் பக்கம் எங்க கல்குவாரி இருக்கு. பாறை உடைக்கிற மருந்து பூரா இங்கதான் அடுக்கி வச்சிருக்கு. லைசென்ஸ் என் பேர்ல. ஊர்ல என்னை வெடிக்காரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அது குடோனுக்காக வச்ச பேரு இல்ல, வாய்க்காக வச்ச பேருன்னு கொழுந்தன் சொல்லுவான். அவன் கெடக்குறான்.

என் பேர்ல எதுக்குன்னு கேக்குறீங்களா? நல்லா கேட்டீங்க. முதல்ல எங்க வீட்டுக்காரர்தான் போனாரு. இந்த ஆபீஸ்ல, அந்த ஆபீஸ் சம்மதம் குடுக்கட்டும், நாங்க தர்றோம்னாங்க. அந்த ஆபீஸ்ல, இந்த ஆபீஸ் வரைபடத்துல சீல் போடட்டும், நாங்க சம்மதம் தர்றோம்னாங்க. கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்! இவருக்கு மூக்கு மேல கோவம். அத்தனை காகிதத்தையும் அங்கேயே நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டாரு. வெடி லைசென்ஸ் கேக்க வந்த ஆளு ஆபீஸ்லயே வெடிச்சுட்டுப் போனா எவன் குடுப்பான்? அப்புறம் நான் போனேன். நான் கோவப்படல சார். பேசினேன். காலையில போய் உக்காந்தா சாயங்காலம் அவங்க கதவைச் சாத்துற வரைக்கும் பேசினேன். கடைசியில இந்தம்மா கிளம்பினா போதும்னு ரெண்டு ஆபீஸும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுடுச்சு.

அதோட முடிஞ்சுதா? மருந்தை வாங்குறதுக்கு ஒரு அனுமதி, வைக்கிறதுக்கு ஒண்ணு, வண்டியில ஏத்துறதுக்கு ஒண்ணு, வெடிக்கிற ஆளுக்குத் தனியா ஒண்ணு. வெடிக்காம போச்சுன்னா, அது ஏன் வெடிக்கலன்னு எழுதிக் குடுக்கணும்! நாங்க வாங்கி வைக்கிறவங்கதான். இதைச் செய்யற ஃபாக்டரிக்காரங்க பாடு இன்னும் மோசம். அந்த முதலாளி ஒருத்தரைப் பாத்தேன், தும்மல் வந்தாக்கூட வெளியில போய்த்தான் தும்முறாரு.

அது இருக்கட்டும், விஷயத்துக்கு வர்றேன். நீங்க டேப் வச்சு அளந்துக்கிட்டு இருந்தீங்களே, இங்க கூடம், இங்க சமையக்கட்டுன்னு. குடோன்லேருந்து இத்தனை தூரத்துக்குள்ள மனுஷங்க குடியிருக்கிற வீடு இருக்கக்கூடாதுன்னு ஒரு கோடு உண்டு சார், பாதுகாப்புக் கோடு. அந்தக் கோடு எங்க போகுது தெரியுமா? உங்க சமையக்கட்டு அடுப்பைத் தாண்டி, நீங்க கட்டில் போடலாம்னு பாத்தீங்களே, அந்தக் கட்டிலைத் தாண்டி, தெரு வரைக்கும் போகுது. எங்க வீடே அதனாலதான் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கு. எதுக்காக அந்தக் கோட்டைப் போட்டாங்கன்னு நான் சொல்லணுமா? நீங்க படிச்சவரு.

என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிங்க.

இல்ல இல்ல, நான் பயமுறுத்தல. உள்ளதைச் சொன்னேன். ராத்திரி படுத்தா, பக்கத்துல அவ்வளவு மருந்து தூங்குதேன்னு ஒரு நெனப்பு வரும்ல? இடி மின்னல்னா கண்ணை மூட முடியுமா? உங்க நல்லதுக்குத்தான்...

என்ன சொன்னீங்க? இடி விழுந்தா அவ்வளவுதானேன்னா?

சார், அப்படிச் சொல்லிடாதீங்க. வேற எங்கயாச்சும் அப்படி இருக்கலாம், என் குடோன்ல நடக்காது. அங்க பாருங்க, ரெண்டு பக்கமும் இடிதாங்கி நிக்குது. வருஷா வருஷம் ஆள் வந்து மண்ணுல கருவியைச் சொருகிப் பாத்துட்டுத்தான் போறாங்க. போன மழையில இந்த ஏரியாவுல எத்தனை டிவி புகைஞ்சுது தெரியுமா? எங்க வீட்டு டிவிக்கு ஒண்ணும் ஆகல. இடி வந்தா நேரா அந்தக் கம்பிக்குத்தான் போகும், உங்க வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது.

தப்பு நடந்துடாதான்னா? எப்படி சார் நடக்கும்? கேப்பு இருக்கு பாருங்க, மருந்தைக் கிளப்பிவிடுற சின்னக் குழாய், அது தனி ரூம்ல. மருந்து தனி ரூம்ல. மாமியாரையும் மருமகளையும் பிரிச்சு வச்ச மாதிரி வச்சிருக்கேன். சாவி என் இடுப்புல. இரும்பு ஆணி அடிச்ச செருப்போட ஒருத்தன் உள்ள போக முடியாது. உரசினா பொறி வரும்ல? எங்க வீட்டுக்காரரா இருந்தாலும் வெளியில கழட்டிப் போட்டுட்டுத்தான் போகணும்.

அதுலதான் சார் இந்தக் கொழுந்தனோட சண்டையே வந்துச்சு. அவனுக்குக் கல்யாணம் ஆன புதுசு. பெண்டாட்டிக்குக் குடோனைக் காட்டுறேன்னு கூட்டிக்கிட்டு வந்தான். வந்தா என்ன, சட்டம் சட்டம்தானே? பாக்கெட்டைக் காட்டுன்னேன். அண்ணி, என்னையேவா சோதிக்கிறீங்கன்னான். ஆமாண்டா, உன்னையேதான்னேன். கையை விட்டு இழுத்தேன். தீப்பெட்டி விழுந்துச்சு, பின்னாடியே சிகரெட்டு விழுந்துச்சு. அந்தப் பொண்ணு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான், விட்டுட்டேன்னு! அது அழுதுக்கிட்டே அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. திரும்பி வர ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கே சொன்னான், அண்ணி, உங்க சட்டத்தாலயே உங்களைக் கவுக்குறேன்னு. அவன் பங்கு மனையை விக்கிறதுக்கு அதான் காரணம். என் மேல என்ன சார் தப்பு? நான் சொந்தம்னு பாத்து விட்டிருந்தா மூணு பேரும் சேந்துல்ல மேல போயிருப்போம்!

பாம்பா? இங்கயா? நல்லா கேட்டீங்க போங்க. குடோனைச் சுத்தி ஒரு புல்லு முளைக்கவிடக்கூடாதுன்னு சட்டம். நெருப்பு பரவும்னு. வாரா வாரம் செதுக்குறோம். உங்க மனை ஓரம் வரைக்கும் நாங்கதான் சுத்தம் பண்றோம். பாம்பு வந்தா ஒளிய இடம் இல்லாம அழுதுக்கிட்டே திரும்பிப் போகும். திருட்டா? ராவும் பகலும் மாத்தி மாத்திக் காவல் சார். போலீஸ் ஜீப்பும் அப்பப்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். நான் பதினாறு வருஷமா வாசக்கதவைப் பூட்டினதே இல்ல.

சத்தமா? குவாரி மலைக்கு அந்தப் பக்கம்னு சொன்னேன்ல. மதியம் ஒரு தடவை, தொம்முனு, யாரோ மாடியில நாற்காலியை இழுத்த மாதிரி. அவ்வளவுதான். இங்க ஒரு பட்டாசு வெடிக்கக்கூடாது, குப்பை கொளுத்தக்கூடாது. நாய் குரைச்சாக்கூட யோசிச்சுத்தான் குரைக்கும்.

என்ன சார், கண்ணு கலங்குது?

அடடா... பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி குடியிருக்கீங்களா? வீட்டம்மாவுக்குத் தூக்கமே இல்லியா? ஹார்ன் அடிச்சா நடுங்கி எந்திரிச்சு உக்காந்துடுவாங்களா? ஐயோ பாவம். டாக்டர் என்ன சொல்றாரு? அமைதியான இடமா பாத்துப் போங்கன்னு சொல்லிட்டாரா...

பாக்கத்தான் வேணும் அண்ணே. நிச்சயம் பாக்கணும். ஆனா இங்க வேண்டாம். எத்தனையோ இடம் இருக்கு. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்களேன், பாக்கவே குளுகுளுன்னு இருக்கும். கொசு கொஞ்சம் இருக்கும், அது எங்க இல்ல? இங்க எதுக்கு, நித்தம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு...

இப்பத்தானே பயமே இல்லன்னு சொன்னீங்களேன்னா? அது... அது ஒரு பேச்சுக்குச் சொன்னது அண்ணே. எவ்வளவுதான் காவல் வச்சாலும் மருந்து மருந்துதானே? பூனையை மடியில வச்சுக்கிட்டு சகுனம் பாக்க முடியுமா? அதுவும் உங்களுக்கு வீடு கட்டவே விடமாட்டாங்க...

யாரு விடமாட்டாங்களா? கவர்மெண்டு!

உங்களுக்குத் தடை போட்டு நோட்டீஸ் வருமா... உங்களுக்கு எப்படி வரும்? அந்தக் கொடுமையைத்தானே காலையிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்! இந்தச் சட்டம் போட்டவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அவன் சட்டையைப் பிடிச்சுக் கேப்பேன். நான் பதினாறு வருஷமா இங்க இருக்கேன். நேத்து ஒருத்தர் வந்து கோட்டுக்குள்ள ஒரு வீட்டைக் கட்டினா, அவரை ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்களாம். உங்க இடம், உங்க வீடு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு, நேரா என்கிட்ட வந்து, ஏம்மா, மனுஷங்க குடிவந்துட்டாங்க, குடோனைக் காலி பண்ணுங்கறதா? அடுத்த மாசம் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆபீஸர் வர்றாரு. அங்க ஒரு அஸ்திவாரக் குழியைப் பாத்தாருன்னா போச்சு. மருந்து மொத்தத்தையும் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? வேற இடம் பாத்து, திரும்பவும் அந்த ரெண்டு ஆபீஸ் வாசல்லயும் உக்காந்து... அதுவரைக்கும் குவாரியில வேலை பாக்குற ஜனம் எல்லாம் வாயில மண்ணையா போட்டுக்கும்? எந்த ஊரு நியாயம் அண்ணே இது? வீடு வந்தா குடோன் போகணுமாம், குடோன் வந்தா வீடு போகவேண்டாமாம்! நீங்களே சொல்லுங்க...

அண்ணே?

ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க அண்ணே. காப்பி போடச் சொல்றேன்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? எதுக்குக் கும்பிடுறீங்க? நான் என்ன உதவி பண்ணேன்? நான் ஒரு உதவியும் பண்ணலியே! இல்லண்ணே, கேளுங்க, அந்தச் சட்டத்தை மாத்திட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. நான்தான் பழசைச் சொல்லிட்டேன். அண்ணே! அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க, மெயின் ரோடு இந்தப் பக்கம்! அது கொழுந்தன் வீட்டுக்குப் போற வழி!

அண்ணே, பாம்பு இருக்கு! நேத்துக்கூட ஒண்ணு, இத்தாம் பெரிசு! திருடனும் வருவான்! குவாரிச் சத்தம் காதைக் கிழிக்கும்ணே, வீட்டம்மா தாங்க மாட்டாங்க! வெடிக்கும்ணே! சத்தியமா வெடிக்கும்! எந்த நேரமும்...

மனுஷன் திரும்பிப் பாக்குறாரா பாரு. இந்த வயசுல என்ன நடை, என்ன நடை.

என்னங்க... உள்ளேருந்தே ஏன் கத்துறீங்க? ஆமா, போயிட்டாரு. நல்லா விவரமா எடுத்துச் சொன்னேன், போயிட்டாரு. ஓட்டமும் நடையுமாத்தான் போறாரு. எந்தப் பக்கம் போறாருன்னு மட்டும் வெளியில வந்து பாத்துடாதீங்க."