தலைகீழ்க் குதிமுள்ளைக் கழற்றச் சொன்னவருக்கு

“கழட்டுங்க அந்த முள்ள! அது குதிரையோட விலா, தீக்குச்சி உரசுற பெட்டி இல்ல!”

“அம்மா, அவரு யாரு வீட்டு மாப்பிள்ளைன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?”

“தெரியுமே, தலைவரே, உங்க வீட்டு மாப்பிள்ளைதான். கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு சூப்பு குடிக்கிற மாதிரி முள்ள மாட்டியிருக்காரு. இறங்கச் சொல்லுங்க!”

என்று சென்ற பிப்ரவரியில் பயிற்சிக் கூடத்தின் கூரை அதிர முழங்கிய முதல்வியே! வேசர் ஆற்றங்கரைச் சதுப்பின் வாடைக்காற்றிலும் வாடாமல் எங்கள் ஊருக்கே குதிரையேற்றம் கற்பித்த கோமகளே! தேடா ஓல்ட்மன்ஸ் அம்மையாரே, வணக்கம்!

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய பாராட்டு இது. இந்த விழாவில் வாசிக்கும்போதும் கடித்துக்கொண்டுதான் வாசிக்கிறோம்.

கால் ஆடாமல் அமரும் பக்குவம் வரும்வரை பூட்ஸின் குதிகாலில் குதிரையைத் தூண்டும் முள் ஏறக்கூடாது என்பது உங்கள் சட்டம். “மொதல்ல கெண்டைக்கால் பேசணும். அது பேசினதுல ஒரு சொல்லை நுணுக்கமா அழுத்திச் சொல்லத்தான் முள்ளு. கத்துறதுக்கு இல்ல” என்பீர்கள். தேறியவரின் காலடியில் நீங்களே மண்டியிட்டு, முள்ளின் வளைவு தரை பார்க்க வாரைக் கட்டிவிடுவீர்கள். பிறகு லாயம் முழுவதற்கும், கோப்பையில் போட்ட கற்கண்டு சூட்டில் வெடிக்க வெடிக்க ஊற்றும் தேநீர். அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் குதிரையேற்றச் சங்கத் தலைவர் அவர்களும் அந்தத் தேநீருக்கு மூன்று குளிர்காலம் காத்திருந்தவர்தான். அவர் மறந்திருக்கலாம், எங்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அவர் மருமகன் டெட்லெஃபுக்கோ மூன்று வாரம்கூடப் பொறுக்கவில்லை. கடையில் வாங்கி, வளைவு வானம் பார்க்க மாட்டிக்கொண்டு வந்தார். அவர் கால் ஆடிய போதெல்லாம் முள் ஃபெல்கேயின் விலாவைக் கிழித்தது. நீங்கள் இறங்கச் சொல்லியும் அவர் இறங்கவில்லை. பொறுமைக்குப் பேர்போன அந்தப் பெண்குதிரையே அவரை இறக்கி மரத்தூளில் உட்கார வைத்தது.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் பணி நீடிக்கும், இல்லையேல் ஓய்வு. எப்படியிருந்தாலும் குதிரையை விற்றுவிடுவோம் என்றது நிர்வாகக் குழு. “போறேன். அவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றீர்கள். அடங்காத இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பிவிடலாம் என்று குழுவுக்கும் ஏக மகிழ்ச்சி!

உங்கள் மேலும் எங்களுக்குக் கோபம்தான் அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சாணி வாரும் கவைகளைப் போட்டுவிட்டு வாசலில் நின்றிருப்போமே!

இன்று குழு உங்கள் நினைவாகப் பொன்முலாம் பூசிய குதிமுள்ளைக் கண்ணாடிச் சட்டத்தில் இந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது. நன்றாகப் பாருங்கள். அதன் வளைவும் வானம் பார்க்கிறது! அதை நாங்கள் திருப்பி வைக்கப் போவதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்கட்டும். விவரமாகச் சொல்ல எங்களுக்கு வாய் இருக்கிறது.

கடலோரத்துப் புது வீட்டில், ஃபெல்கேயின் ஆறிய விலாவோடு, நீங்கள் நோயின்றி நூறாண்டு நிமிர்ந்து வாழ்க!

ஊர்ச் செய்தி ஒன்று பாக்கி. அன்று கூடத்தில் ஓரமாக நின்று பார்த்த, தலைவரின் மகளும் டெட்லெஃபின் மனைவியுமான ஆன்கே, நம் லாடக்காரர் ஓனோவோடு எம்டன் நகருக்குக் குடிபோய்விட்டார். விவாகரத்து முடிந்ததும் கல்யாணமாம். உங்களிடம் சேர்க்கச் சொன்ன சேதி இது: “நானும் அவரை இறங்கச் சொல்லிட்டேன்னு தேடா அம்மாகிட்ட சொல்லுங்க.”

இன்னும் ஆறாத சினத்துடன்,
உங்கள் லாயத்துப் பணியாளர்கள்