ஏழாவது கல்லூரி

வா மகளே, நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள். நவம்பர் குளிர் முதலில் முழங்காலைத்தான் பிடிக்கும். கூட்டணி அலுவலகத்திலிருந்து உன்னை எதற்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றையும் மறைக்கமாட்டேன். ஆனால் கதையாகத்தான் சொல்வேன், எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. சோளரொட்டி சூடாக இருக்கிறது, எடுத்துக்கொண்டே கேள்.

எங்கள் கால்பந்துக் கூட்டணியில் ஆறு கல்லூரிகள். ஆறும் அடக்கமானவை. ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும், ஒன்றின் வீட்டுச் சாவுக்கு மற்றது கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போகும். சீசனின் கடைசிச் சனிக்கிழமை எங்கள் வெதர்லி கல்லூரிக்கும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ரான்ஸ்டெல்லுக்கும் ஆட்டம். நான் மணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த ஆண்டுதான் ஏழாவதாக ஒரு கல்லூரியைச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. பெம்பர்டன் என்பவர் அதன் தலைவர். பெரிய மைதானம், பளபளக்கும் பேருந்து. சேர்ப்பதில் தவறில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் புதிய அட்டவணையைப் பார்த்தேன். வாரங்களைக் கூட்ட முடியாதாம். அதனால் பழைய ஆட்டம் ஒன்றை விட்டுவிட வேண்டுமாம். விட்டுவிடக் குறித்திருந்தது ரான்ஸ்டெல் ஆட்டத்தை.

நான் பையன்களுக்காகக் கவலைப்பட்டேன். அந்தப் புதுக் கல்லூரிக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். பிள்ளைகள் எப்போது படிப்பார்கள்? ஹோபர்ட்டும் அதையேதான் சொன்னான்.

ஹோபர்ட் யார் என்று கேட்கிறாயா? ரான்ஸ்டெல்காரர்களின் சமையல் கொப்பரையைப் பார்ப்பவன். மனைவியை இழந்தவன், நல்ல தோள்கள். ஆட்டத்தன்று வண்டிகள் நிற்கும் புல்வெளியில் இந்தப் பக்கம் நான் பர்கூக் குழம்பு கிண்டுவேன், அந்தப் பக்கம் அவன். ஆண்டுக்கு ஒரு நாள். அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதே. நான் ஒரு வருடமும் மைதானத்துக்குள் போனதில்லை. அவனும் போனதில்லை.

பர்கூ எப்படிச் சேரும் என்பது கென்டக்கியில் பிறந்த உனக்குச் சொல்ல வேண்டாம். மாடு, ஆடு, முயல், அணில், அவரவரால் முடிந்த இறைச்சியைக் கொண்டுவந்து கொப்பரை பார்ப்பவளின் கையில் கொடுப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை. கொடுத்ததை அவர்கள் திருப்பிக் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை.

இந்த ஆண்டு ஆட்டத்தன்று ஆறு தலைவர்களும் மதியம் என் பர்கூவைச் சாப்பிட்டுவிட்டு, ஆட்டம் தொடங்குமுன் வாக்களிப்பதாக ஏற்பாடு. விடிந்ததும் விடியாததுமாக பெம்பர்டன் வந்தார். அவர் கல்லூரியின் சின்னம் சேவல். சின்னம் என்றால் படம் இல்லை, உயிருள்ள சேவல். அதற்கு நீல வெல்வெட்டில் ஒரு சட்டை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என் கொப்பரைக்கு வந்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களாம்மா? தலைவருங்களுக்கெல்லாம் கை குடுத்துட்டு வந்துடறேன்."

"தாராளமாக் குடுங்க சார். கொப்பரைக்குக் குடுத்தது எங்கயும் போகாது."

"ரொம்ப சாது. பேரு மேஜர்."

"பாத்தாலே தெரியுது சார்."

மகளே, நீயே சொல். கொப்பரையின் பக்கத்தில் நின்று என் கையில் கொடுத்தார். வழக்கம் தெரியாத ஒருவர் கூட்டணிக்குள் வர நினைத்தால், வழக்கம்தானே அவருக்கு வழிகாட்ட வேண்டும்?

மேஜர் சாதுதான். எனக்கு அதிகம் சிரமம் கொடுக்கவில்லை. சட்டையைக் கழற்றத்தான் நேரமாயிற்று, எல்லாம் பொடிப் பொத்தான்கள். வயதான பறவை என்பதால் இறைச்சியைச் சிறிதாக நறுக்கி, தக்காளி கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

மதியம் பெம்பர்டன் முதல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இரண்டாவது கேட்டார்.

"இந்த ருசி எங்க ஊர்ல கிடையாதும்மா. கூட்டணில சேந்ததும் வருஷா வருஷம் இதுக்காகவே வருவேன்."

"வாங்க சார். இதுல உங்க பங்கும் இருக்குல்ல."

வாயைத் துடைத்துக்கொண்டு மேஜரைக் கேட்டார். சிவப்புத் தொப்பி போட்ட ரான்ஸ்டெல் பையன்கள் காலையிலிருந்து இந்தப் பக்கமே திரிகிறார்கள் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அவர்கள் எப்போதும் திரிவார்கள். எதிரணியின் சின்னத்தைத் திருடுவது இங்கே மாணவர்களுக்குப் பழைய விளையாட்டு என்பதை அவருக்கு யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். மனிதர் ரான்ஸ்டெல் தலைவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஆறு தலைவர்களையும் சேவல் திருடர்கள் என்றார். கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாக்கெடுப்பில் அவருக்காக ஒரு கைகூட உயரவில்லை.

ஆட்டம் தொடங்கிப் புல்வெளி காலியானதும் ஹோபர்ட் கிண்ணத்தோடு வந்தான். ஒரு வாய் மென்றான். இன்னொரு வாய் மெதுவாக மென்றான்.

"வெர்னா, இது கடைல வாங்குன கோழி இல்லையே."

"கொப்பரைல என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது ஹோபர்ட்."

"நான் எங்க கேட்டேன்? சொல்றேன். கெழட்டுச் சேவல். ராஜா மாதிரி வளந்தது." என் மேலங்கிப் பையிலிருந்து எட்டிப்பார்த்த நீல வெல்வெட்டை இரண்டு விரலால் உருவி, தன் அடுப்பில் போட்டான். "அடிப்பாவி. எதுக்குடி இதெல்லாம்?"

"பையன்களோட படிப்புக்காக."

அவன் வெகுநேரம் சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மக ஃப்ளோரிடாவுக்கு வந்துடச் சொல்றா. வீட்டை வித்தாச்சு. உன்கிட்ட சாயங்காலமா சொல்லலாம்னு இருந்தேன். இதுதான் எனக்குக் கடைசிக் கொப்பரை."

இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆக, சேவலைக் கொன்றது நான். சமைத்ததும் நான். அதன் சொந்தக்காரருக்கே இரண்டு கிண்ணம் பரிமாறியதும் நான். அப்படியே எழுதிக்கொள். ஆனால் அலுவலகத்துக்குப் போனதும் இன்னொன்றையும் அவர்களிடம் சொல். யோசித்துப் பார்த்தேன், ஆறு கல்லூரிகள் போதாது. கூட்டணி விரிய வேண்டும். ஃப்ளோரிடாவில், கடற்கரை ஊர் ஒன்றில், சின்னக் கல்லூரி ஒன்று கூட்டணி இல்லாமல் தவிக்கிறதாம். பேருந்தில் பதினான்கு மணி நேரம்தான். பையன்கள் வழியில் படித்துக்கொள்வார்கள். கொப்பரையைப் பார்க்க ஒரு ஆளும் கூடவே போக வேண்டியிருக்கும். நான் எனக்காகக் கேட்கவில்லை.

பத்திரமாகப் போய் வா, கண்ணு. உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் மேசையில் எப்போதும் ஒருவருக்குக் கூடுதலாகவே சோறு இருக்கட்டும், நீ வளர்க்கும் கோழிகளெல்லாம் ஆயுள் முழுக்க உன் வீட்டிலேயே இருக்கட்டும்.