ஐந்துக்குக் கீழே போகாது

2021ஆம் ஆண்டு அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை, நீஷ் நகரத்து வீடுகளைச் சூடாக்கும் வெப்ப நிலையம் அந்தப் பருவத்துக்கான வெந்நீரைக் குழாய்களில் திறந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடிக்கு அது ஏறி வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும்.

எந்தப் பொருளையும் யோசிக்காமல் வாங்குகிறவன் இல்லை நான். ரேடியேட்டர் வால்வுகளைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் அந்த வால்வுகள்தான். உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பையில் இருப்பது அவற்றில் ஒன்று.

முன்பெல்லாம் எங்கள் ரேடியேட்டர்களில் திருகுவதற்கு எதுவும் கிடையாது. நிலையம் கொடுத்தால் சூடு, கொடுக்காவிட்டால் குளிர். வெயிலடிக்கும் நாளில் ரேடியேட்டர் தகடு கொதிக்கும், ஜன்னலைத் திறந்து வைப்போம். பனி விழும் நாளில் ஆறிக் கிடக்கும், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நிலையத்துக்காரர்களைத் திட்டுவோம். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் திட்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், மிலாடின் மாமா அப்படித்தான் கிழவரானார். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்தார்கள், ரேடியேட்டருக்கு வால்வு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதன்பிறகு எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்பது வீட்டுக்காரன் கையில் வந்தது.

மிலாடின் மாமா எனக்கு உறவில்லை. ரயில்வேயில் தடம் மாற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, மூன்று அறை வீடு மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு ஒப்பந்தம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முதியவரை அவர் கண் மூடும் வரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும், கண் மூடிய பிறகு வீடு நமக்கு. 2014இல் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டோம். அப்போது அவருக்கு எழுபத்தொன்று. இதய அறுவை முடிந்திருந்தது. இரண்டு வருடம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் என் காது படவே சொன்னார்.

உணவு, மருந்து, துணி, சூடு. நான்கையும் நாங்கள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தந்தோம். யாஸ்னா, என் மனைவி, அவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள். மாத்திரைகளை நான் டப்பாவில் கிழமை வாரியாகப் போட்டு வைத்தேன். அவர் தேறினார், கன்னத்தில் சதை வைத்தது. ஏழு வருடம் கழித்தும் மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் கவனிப்புதான் அதற்குக் காரணம் என்று பக்கத்து வீட்டு தெசாங்கா அக்காவே சொல்வாள். அவளை வேண்டுமானால் கேளுங்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் யாஸ்னா மறுபடி கர்ப்பமாக இருந்தாள். மார்ச்சில் பிரசவம். ஆறு வயது மகள் எங்கள் அறையிலேயே மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கட்டிலுக்கு அங்கே இடம் இல்லை. மூலையில் இரயில் தடத்தைப் பார்த்த அறை, வீட்டிலேயே பெரியது, ஆயுள் முழுக்க மிலாடின் மாமாவுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலைமை இப்படி இருந்தது என்கிறேன்.

வால்வு வாங்க அவரையும் கடைக்கு அழைத்துப் போனேன். வெளியே வருவதென்றால் அவருக்குப் பிடிக்கும். கடைக்காரன் மூன்று வகையை மேசையில் வைத்தான். ஒன்றில் பெரிய எண் தெரியும், கையால் திருகலாம். இன்னொன்று பேச்சுக்குக் கட்டுப்படும். மூன்றாவது வெறும் வெள்ளை உருளை. அதில் எண் கிடையாது, எல்லாம் செல்போனிலிருந்துதான்.

மிலாடின் மாமா முதலாவதைக் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இதை வாங்குடா மகனே. நம்பர் நல்லா தெரியுது. கண்ணாடி போடாமலே படிக்கிறேன் பாரு."

"அது சீக்கிரம் கெட்டுப்போகும் மாமா."

"நானும்தான் கெட்டுப்போனவன். என்னை வச்சுக்கலையா நீ?"

கடைக்காரன் சிரித்தான். வெள்ளை உருளையை என் பக்கம் நகர்த்தினான். "இதுல குழந்தைப் பூட்டு இருக்கு சார். கையால என்ன திருகினாலும் சூடு மாறாது. சின்னப் பிள்ளைங்களுக்குன்னு போட்டிருக்கான். மாமியாருக்கும் வேலை செய்யும்."

மிலாடின் மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெள்ளை உருளைகள் நான்கு வாங்கினோம். பேருந்தில் வீடு வரும்வரை பெட்டியை அவர்தான் மடியில் வைத்திருந்தார்.

ஏன் அதையே வாங்கினேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பார்க்க அடக்கமாக இருந்தது. வேறு காரணம் அன்று எனக்குத் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

செயலியில் ஒவ்வொரு அறைக்கும் பெயர் கொடுக்க வேண்டும். கூடம், சமையலறை, எங்கள் அறை, மாமா என்று கொடுத்தேன். நான்கையும் இருபத்தொன்றில் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை 'மாமா'வை அரை டிகிரி குறைத்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அரை டிகிரி. வாரத்துக்கு அரை டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. நீங்கள் இந்த அறையில் அரை டிகிரி குறைந்தால் உணர மாட்டீர்கள். குழந்தைப் பூட்டையும் போட்டேன். தெரியாமல் திருகிவிடுவார் என்ற எண்ணம்தான்.

அவர் திருகினார். நவம்பரில் ஒரு நாள் அவர் குனிந்து இரண்டு கையாலும் உருளையைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது சுழலும், ஆனால் உள்ளே எதையும் நகர்த்தாது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"கூட்டி வச்சிட்டேன்" என்றார். "ஆனா நிலையத்துக்காரன் விட்டாத்தானே வரும்."

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தகடு ஆறிக் கிடந்தால் குற்றம் நிலையத்தின் மேல்தான் என்று அவர் ஐம்பது வருடமாகப் பழகியிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து குளிர் வர முடியும் என்பது அவர் எண்ணத்திலேயே இல்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்தால் சூடாக இருக்கும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மூலை அறை, கடைசிக் குழாய், தண்ணீர் அங்கே வரும்போது ஆறிவிடுகிறது.

நிலையத்துக்குத் தொலைபேசி செய்வார். எண் மனப்பாடம்.

"ஹலோ, தங்கச்சி, மறுபடி நான்தான். நேத்து பேசினவன். இல்லம்மா, உயிரோடதான் இருக்கேன், அதான் போன் பண்றேன். எல்லா இடத்துலயும் சரியா போகுதா? அப்படித்தான் சொல்வீங்க. நான் ரயில்வேல இருந்தப்ப வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டா இருந்தாலும் நாங்களும் அதையேதான் சொல்வோம்."

வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "நீ சொல்லு மகனே, நான் பொய்யா சொல்றேன்?"

"இல்ல மாமா. அவங்க கரியை மிச்சம் பிடிக்கிறாங்க" என்பேன்.

ஒன்பது முறை புகார் கொடுத்தார். ஒன்பதாவது புகாருக்குத்தான் ஆள் வந்தான், அவர் அடக்கம் முடிந்து இரண்டாம் நாள். சின்னதாய் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தான். குழாயைத் தொட்டான், கையைச் சுட்டது. வால்வைத் தொட்டான், ஆறிக் கிடந்த தகட்டைத் தொட்டான், என்னைப் பார்த்தான். இறப்புச் சான்றிதழில் அதற்குள் இதயம் என்று எழுதியாகிவிட்டது. அவன் தன் தாளில் வேறு எழுதினான். நான் இங்கே இருப்பது அந்தத் தாளால்.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்கு இடுக்கு வழியாக வரும் காற்று என்றால் எவ்வளவு பயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கழுத்து பிடித்தாலும் அது, பல் வலித்தாலும் அது. மிலாடின் மாமா ஜன்னல் இடுக்கை எல்லாம் கந்தலால் அடைத்தார். கதவின் அடியில் போர்வையைச் சுருட்டி வைத்தார். கதவு திறந்திருந்தால் கூடத்தின் சூடு உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டபடி ஒட்டுப் பட்டை வாங்கி வந்து கதவைச் சுற்றி நானே ஒட்டிக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். அவர் விருப்பத்தை மறுத்து நான் எதுவும் செய்ததில்லை.

யாஸ்னாவைப் பற்றிக் கேட்டீர்கள். செயலி என் செல்போனில் மட்டும்தான் இருந்தது. டிசம்பரில் ஒரு மாலை அவள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அந்த ரூம்ல சூப்பை வைக்கிறதுக்குள்ள ஆறிடுது சினிஷா. என்னன்னு பாரேன்."

"நிலையம்."

"நம்ம ரூமுக்கும் அதே நிலையம்தானே?"

"மூலை ரூம் யாஸ்னா. கடைசிக் குழாய்."

அவள் வயிற்றில் கை வைத்தபடி என் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி அவரிடம் கொண்டுபோனாள். மறுநாளும் கொண்டுபோனாள். அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அவளால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏழாவது மாதம், வேலை இல்லை, போக வேறு வீடு இல்லை. அவளை இதில் சேர்க்காதீர்கள்.

ஜனவரி இருபது எங்கள் வீட்டுப் புனிதரின் நாள், யோவான். அன்றைக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை, வருகிறவர்கள் வருவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, கோதுமை வேகவைத்து, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வைத்திருந்தோம். 'மாமா' அதற்குள் பதினாலரைக்கு வந்திருந்தது. அவர் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக மேசையின் தலைப்பக்கம் வந்து உட்கார்ந்தார். தெசாங்கா அக்கா விடவில்லை.

"என்ன மிலாடின், வண்டிக்குக் காத்திருக்கீங்களா? பிளாட்பாரம் எது?"

"உன்னை ஏத்தி அனுப்பத்தான் வந்தேன். டிக்கெட் எடுத்துட்டியா?"

"ஒரு வழி டிக்கெட்டா எடுத்துக் குடுப்பீங்க நீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு வாய் ராக்கியா சாராயம் குடித்தார், தொப்பியைக் கழற்றினார், சூட்டில் முகம் சிவந்தது. பழைய ரயில்வே பாட்டு ஒன்று பாடினார், குரல் உடையவே இல்லை. தெசாங்கா அக்கா என் தோளைத் தட்டினாள்.

"நல்லா பார்த்துக்கிறீங்கப்பா. இந்த மனுஷன் நம்ம எல்லாரையும் புதைச்சிட்டுத்தான் போவாரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். மாலை நாலே காலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். யாஸ்னா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நின்று செல்போனை எடுத்து 'மாமா'வை ஐந்துக்குக் கொண்டுவந்தேன். ஐந்துக்குக் கீழே அந்த வால்வு போகாது. தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் திரையில் சின்னதாக ஒரு பனிப்பூ தெரியும்.

வெளியே அந்த வாரம் பகலிலேயே மைனஸ் ஏழு. அறை மெதுவாகத்தான் இறங்கியது. பன்னிரண்டு, பத்தரை, ஒன்பது. அந்த வரைபடம் உங்களிடம் இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டுக்குக் கூடத்துக்கு வந்தார், கை நடுங்கியது. சனிக்கிழமை எழ முடியவில்லை என்றார், உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தோம். யாஸ்னா பாட்டிலில் வெந்நீர் வைத்தாள். டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். திங்கட்கிழமை கூப்பிடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நடுக்கம் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் அவர் அறைக்குள் போனேன். போர்வையைத் தள்ளிவிட்டிருந்தார். கோட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தான்களை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார், விரல் வளையவில்லை.

"சூடு வந்துடுச்சு மகனே" என்றார். வார்த்தைகள் குழறின. "நிலையத்துக்காரங்க கேட்டுட்டாங்க. நல்ல பொண்ணு அது. போன் பண்ணி போதும்னு சொல்லிடு."

"சொல்றேன் மாமா."

"கொஞ்சம் அதிகமாவே விட்டுட்டாங்க. வேர்க்குது."

பொத்தான்களை நான் அவிழ்த்துவிட்டேன்.

நவம்பர் பதினொன்றாம் தேதி என் செல்போனில் நான் தேடிப் படித்ததை நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். குளிரில் முதியவர்களின் உடம்பு எப்படி மாறும் என்ற கட்டுரை. முதலில் நடுக்கம், பிறகு நடுக்கம் நிற்கும், பிறகு சூடாக இருப்பதாகத் தோன்றும், துணியைக் கழற்றுவார்கள், அதன்பின் அதிக நேரம் இருக்காது என்று அதில் எழுதியிருந்தது. ஆம், முழுதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன். அவர் அப்படிச் சொன்னபோது என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். போதும் என்று சொன்னது அவர். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கஷ்டப்படவில்லை, சந்தோஷமாக இருந்தார். அந்த நேரத்தில் வால்வைத் திறந்திருந்தால் அது அவர் கேட்டதற்கு நேர் எதிராக இருந்திருக்கும்.

கதவைச் சாத்தினேன், போர்வையைச் சுருட்டி வெளிப்பக்கமாக அடியில் வைத்தேன். டாக்டரைக் கூப்பிடவில்லை. மாமா தூங்குகிறார் என்று யாஸ்னாவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அவருக்குக் காப்பி கொண்டுபோனாள். அறையில் எட்டு டிகிரி இருந்தது. மிலாடின் மாமா இறந்திருந்தார்.