கொள்ளிடக்கரைத் தவளை

"தவளையை மடியில வெச்சுக்கோ, பையில நசுங்கிடும்."

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னதும், நான் என் மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். நல்லவேளை, அது தவளை வடிவத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்பா.

"கல்யாணத்துக்கு முன்னாடி கொள்ளிடக்கரை நடைபாதையில ஒளிச்சு வெச்சோம். எத்தனை பேரு போன்ல இடம் பாத்து தேடி வந்தாங்க. இப்ப எடுத்துட்டு வந்திருக்கணுமாங்க?"

"நாம கோயம்புத்தூருக்குக் குடிபோயிட்டா யாரு பாத்துக்குவா? வெச்சவங்கதான் பாத்துக்கணும், அதான் இந்தப் புதையல் விளையாட்டோட ரூல்."

மனைவி டப்பாவைத் திறந்தார். கண்டுபிடிப்பவர்கள் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைப்பார்களாம்.

"யானை, முதலை... ஏங்க, இது என் குதிரை. மொதல்ல நான் வெச்சது. வால்ல என் நெயில் பாலிஷ் இருக்கு."

"அதை ஒரு பாப்பா எடுத்துட்டுப் போச்சே. அவங்கப்பா போட்டோகூட போட்டிருந்தாரு."

"இப்ப வளந்திருக்கும். திரும்பக் கொண்டாந்து வெச்சிருக்கு."

கணவர் டப்பாவை வாங்கி மூடினார். மாம்பழச்சாலை நிறுத்தத்தில் எழுந்தார்.

"இறங்கு. இருந்த எடத்துலயே வெச்சிடலாம். இங்கயே இருக்கற உன் தங்கச்சி பாத்துக்கட்டும்."

"அவ தவளைன்னாலே ஓடுவாங்க."

"பிளாஸ்டிக்னு சொல்லு."