நாலாவது போன்

ஒரு பொருள் வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது சார். தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிக்கிறவன் நான். மற்றபடி என்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்ததும் டிவி, இன்டர்நெட், போன் மூன்றையும் தனித்தனியாக எடுப்பதா, சேர்த்து எடுப்பதா என்று பேச்சு வந்தது. ஒரு கம்பெனியில் சேனலை அள்ளிக் கொடுத்தார்கள், இன்டர்நெட் நொண்டியது. இன்னொன்றில் இன்டர்நெட் பறந்தது, டிவிக்குத் தனியாக அழ வேண்டும். மாமனாருக்கு மல்யுத்தச் சேனல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. மனைவி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத் தருகிறவள். நடுவில் படம் நின்றால் பிழைப்பு போச்சு. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் குடும்ப பேக் ஒன்றைப் பிடித்தேன். மூன்றும் உண்டு, கொள்ளை மலிவு. கூடவே நாலு போன். அந்த நாலுக்குள் பேசினால் காசில்லை. வெளியே பேசத் தனிக் கட்டணமாம். தண்டச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். நாலாவது போன் டப்பாவிலேயே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அப்போதுதான் கேபிள்காரர் வந்தார். பின்னறையில் சுவர் கனம், எந்த சிக்னலும் எட்டிப் பார்க்காது, பேக் போன் மட்டுமாவது வேலை செய்யட்டும் என்று இன்டர்நெட் பெட்டி ஒன்றை மாட்ட உள்ளே போனார். தங்கமான மனுஷன். சுவரில் துளை போட்ட தூசியைக்கூட அவரே துடைத்தார். இப்படி ஒருவர் நம் வீட்டோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நாலாவது போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார். பிறகு போன் செய்தார். "சார், வெளையாடாதீங்க. கதவத் திறங்க. வீட்ல தேடுவாங்க." ஒரு வருஷம்தான், பேக் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

மனைவிதான் தாம்தூம் என்று குதித்தாள். "உங்களுக்கென்ன கழண்டுபோச்சா? அவருக்குன்னு ஒரு குடும்பம் இருக்குங்க."

"இருக்கட்டும். அவங்க வேற பேக்."

வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. குளியலறை உள்ளேயே இருக்கிறது. மாமனார் மல்யுத்தம் பார்த்தபடியே அவரைப் போனில் கூப்பிட்டு, யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுவார். "மாப்ள, பையன் சொன்னா அச்சுப்பிசகாம நடக்குது" என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். வீடு களைகட்டியிருந்தது சார்.

ஒருநாள் அவர் என் மனைவியிடம் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. "என் பொண்ணு நான் தட்டிக் குடுக்காம தூங்காதும்மா. இப்ப யாரு தட்டிக் குடுப்பா?" அழுதார். எனக்கும் கண் கலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மாதமே முடியவில்லையே.

மறுநாள் பல்பு வாங்கப் போய்த் திரும்பினேன். பின்னறை திறந்து கிடந்தது. மனைவி, மாமனார், கேபிள்காரர் மூவரும் போய்விட்டார்கள். மூன்று போனும் மேசைமேல் இருந்தன. டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. அதைத்தான் சார் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் நீங்கள் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தீர்கள். "எந்த ரூம்ல அடைச்சு வச்சிருந்தே, காட்டு" என்றீர்கள். காட்டினேன். சாட்சிப் பொருள் என்று மேசையிலிருந்த மூன்று போனையும் நீங்களே எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக உள்ளே போனீர்கள். நான் திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

ஆமாம் சார், கேபிள்காரரை அடைத்து வைத்தது நான்தான். இப்போது உங்களையும். போனில் சொன்னாலும் வாக்குமூலம் வாக்குமூலம்தானே, எழுதிக்கொள்ளுங்கள். கதவை உதைக்காதீர்கள், கால்தான் வலிக்கும். நாளைக்கு மனைவி மனசு மாறித் திரும்பி வந்தால் அவளுக்குப் போன் இருக்காது; போகும்போதே அவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

டிவியைப் பின்னறைப் பக்கம் திருப்பி வைத்துச் சத்தத்தைக் கூட்டுகிறேன். எந்தச் சேனல் என்று உங்களுக்குள் சண்டை போடாமல் பேசிச் சொல்லுங்கள். குடும்பம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும் சார்.